மேல் ஃபோல்டர், கீழ் ஃபோல்டர்

வேறு எந்தத் தொழிலிலும் இல்லாத ஒரு வசதி எங்கள் இணையதளத் தொழிலில் உண்டு: செய்த தப்பு, செய்தவர் லேப்டாப்பில் மட்டும் தெரியவே தெரியாது. இதைப் படிக்கும் சக பாவிகள் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் நானும் தேவியும் கடை வைத்திருக்கிறோம். கடைக்கு ஒரே ஒரு இணைய முகவரி. முதல் வாடிக்கையாளர் ஞானராஜ் அண்ணன், துக்க வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவர். அவசரத்தில் அவர் தளத்தை முகவரியின் உச்சியிலேயே, அதாவது வெறும் முகவரியை அடித்தாலே திறக்கும் இடத்தில், போட்டுவிட்டேன். பின்னால் வந்தவர்களுக்கு அதற்குக் கீழே ஆளுக்கொரு ஃபோல்டர்.

சாயம் போன தளம்

அடுத்து வந்தவர் விதைநெல் கடைக்காரர். என் லேப்டாப்பில் பச்சைப் பசேலென்று இருந்த தளம், அவர் போனில் வெறும் கறுப்பு எழுத்தாக நின்றது. ஃபைல் இருக்கும் இடத்தை எழுதும்போது முதலில் ஒரு சாய்கோடு போட்டால், அது தன் ஃபோல்டருக்குள் தேடாது. நேரே உச்சிக்குப் போய்த் தேடும். என் லேப்டாப்பிலோ அவர் தளம்தான் உச்சி.

சாய்கோட்டை எடுத்திருக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, நிறங்களை வைத்திருக்கும் ஃபைலை உச்சியிலும் ஒரு நகல் போட்டேன். நிறம் வந்துவிட்டது, நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்: "இன்னாம்மா இது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீது?"

சுபகாரியம்

மானாம்பதி கன்னியப்பன் தன் நிலத்திலேயே கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தார். முதல் முகூர்த்தம் யாராவது பதிவு செய்துவிட்டால் போதும் என்றுதான் தளம் கேட்டார். பழைய சாய்கோட்டோடு அப்படியே ஏற்றினேன். நிறம் வந்தது. போன் நம்பர் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு லிங்க் அனுப்பிவிட்டேன்.

எல்லாத் தளத்திலும் முதல் படத்துக்கு ஒரே பெயர் வைப்பது என் பழக்கம். விதைநெல் தளத்தில் படமே இல்லாததால் அதன் வினை அப்போது தெரியவில்லை. படத்தைத் தேடிய தளம் உச்சிக்குப் போய் ஞானராஜ் அண்ணன் படத்தை எடுத்து வந்திருந்தது. கூரத்திலிருந்து மண்டபம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கன்னியப்பன் போனைத் திறந்தார். 'உங்கள் இல்ல சுபகாரியங்களுக்கு' என்ற எழுத்துக்குக் கீழே, மாலை போட்ட ஃப்ரீசர் பாக்ஸ். அவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்களாம். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மெல்லச் சொன்னார்: "மண்டபத்துல இன்னும் ஒரு தாலி ஏறலம்மா. அதுக்குள்ள பொட்டிய வாசல்ல எறக்கி வெச்சிட்டியே."

தேவியின் யோசனை

எல்லாச் சாய்கோட்டையும் தேவிதான் உட்கார்ந்து எடுத்தாள். "என் லேப்டாப்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்று பக்கத்தில் நின்று முனகினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப அந்த லேப்டாப்ப எடுத்துக்கினு போயி மண்டபத்து வாசல்ல மாட்டிடு."

மன்னிப்பு கேட்கப் போனது

வண்டியை எடுத்துக்கொண்டு மானாம்பதிக்கே போனேன். நடந்ததை விளக்குகிறேன் என்று, "உங்க தளம் ஞானராஜ் தளத்துக்குக் கீழே ஒரு ஃபோல்டர்ல இருக்கு, அதனாலதான்" என்று சொல்லித் தொலைத்தேன். படத்துக்குக்கூட அவர் முகம் அப்படி மாறவில்லை. ஞானராஜ் அண்ணனின் அப்பா இவர்கள் கழனியில் கூலிக்கு நடவு நட்டவர்.

கோளாறு சரியாகிவிட்டது, இனி எதையும் நகர்த்தத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை. அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன்: "அவனுக்குக் கீள நானா? என்ன மேல வெய்யி. அவன எங்கனா கீள போட்டுக்கோ."

கேசரி

மாற்றினேன். மண்டபம் உச்சிக்குப் போனது, ஃப்ரீசர் பாக்ஸ் ஒரு ஃபோல்டருக்குள் போனது. கொஞ்ச நாளில் மண்டபத்துக்கு முதல் முகூர்த்தம் பதிவாகி, கன்னியப்பன் கேசரி கொடுத்தனுப்பினார். அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் ஞானராஜ் அண்ணன் படியேறி வந்தார்.

அவர் வேன் பக்கவாட்டில் எழுதியிருந்தது பழைய முகவரி. அதை நம்பி ஒரு துக்க வீட்டில் போனைத் திறந்திருக்கிறார்கள். மண்டபத் தளத்துக்கு நான் ஆசையாகச் சேர்த்திருந்த நாதஸ்வரமும் கெட்டிமேளமும் பிணத்தின் தலைமாட்டில் முழங்கியிருக்கின்றன. அவரிடம் சொல்லாமல் ஏன் மாற்றினேன் என்று கேட்டார். கன்னியப்பன் சொன்னதை அப்படியே சொன்னேன். கேசரியைத் தள்ளி வைத்தேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "யாருக்குக் கீள வெச்சாலும் இருந்துக்கறோம்மா, அது பயக்கம்தான். வூட்ல பொணத்த வெச்சிக்கினு தேடி வர்றவங்களுக்கு வழிய மட்டும் மறைச்சிடாத."

இப்போது ஆளுக்கொரு தனி முகவரி, எங்கேயும் ஒரு சாய்கோடு பிசகவில்லை. அன்று மானாம்பதியில் நான் ஆட்டிய தலையைத்தான் எந்த ஃபோல்டரில் போட்டு மறைப்பது என்று இன்னும் தெரியவில்லை.