டச்சிங் அக்காவின் முகம்

டச்சிங் அக்கா என்று கேட்டால் அந்தக் கடைவீதியில் எல்லோரும் கை காட்டுவார்கள். பேன்சி ஸ்டோருக்கு மேல் மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங், அதாவது படங்களில் உள்ள முகங்களைத் திருத்துவது அவள் வேலை. முன்பெல்லாம் நெகட்டிவில் பென்சிலால் திருத்தினாள், பிறகு கம்ப்யூட்டரில். பருவும் தழும்பும் அவள் கை பட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள், கொஞ்சம் பார்க்கிற மாதிரி பண்ணிவிடுங்கள் அக்கா என்று கெஞ்சுவார்கள். பஸ்ஸில் போகும்போதுகூட எதிர் சீட்டுக்காரரின் முகத்தில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்றுதான் அவள் கண் மேயும்.

அவளுக்கு ஒரே மகள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு. அதுவரை பழமும் ஜாடியுமாக வரைந்துகொண்டிருந்தவள், வகுப்பில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றதும் முதல்முறையாக ஓர் ஆளை வரையத் துணிந்தாள். இதைக் கேட்டதிலிருந்து டச்சிங் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலோரம் உட்காரலாமா, தலையைப் பின்னலாமா கொண்டை போடலாமா என்று தனக்குள்ளேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். மகளோ சித்தியை உட்காரவைத்து வரைந்துவிட்டாள்.

சித்தி என்பது டச்சிங் அக்காவின் தங்கை. மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேனை ஓட்டுகிறவள். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் கறுத்து, இன்னொரு ஆளின் கை மாதிரி இருக்கும். வேன் கதவு இடித்து முன்பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. அதைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, மறைத்துச் சிரிக்கவும் இல்லை. தனியாக இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் முதற்கொண்டு எல்லோரும் அவளைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தார்கள். லட்சணமாக, அடக்கமாக ஒருத்தி பக்கத்திலேயே நிற்கும்போது அது ஏன் என்று அக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை மகள் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். "அம்மா, முகம்னா உனக்குத்தான் தெரியும். எது சரியில்லையோ சொல்லு. எனக்காகப் பாக்காத."

டச்சிங் அக்கா பார்த்தாள். படத்தில் தங்கை ஒரு ஸ்டூலில் முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஏதோ சொல்லி, சிரிப்பு வாய்வரைக்கும் வந்து நிற்கிற முகம். இந்த முகத்தை மகள் எத்தனை நாள் உட்கார்ந்து உற்றுப் பார்த்திருப்பாள் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பிறகு வாயைத் திறந்தாள். இடது காது இறங்கியிருக்கிறது என்றாள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருகிறது, மூக்கின் நிழல் மட்டும் ஏன் ஜன்னல் பக்கம் விழுகிறது என்று கேட்டாள். கழுத்தில் எலும்பே இல்லை, தலையணை மாதிரி இருக்கிறது என்றாள். எல்லாவற்றையும் பக்குவமாக, ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். உள்ளே ஆசை வேறாக இருந்தது. இத்தனை குறை சொன்னால் பெண் அலுத்துப்போய் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முகம் தேடுவாள், வேறு முகம் என்றால் வீட்டில் இன்னொன்றுதான் இருக்கிறது.

"அப்புறம் அந்தப் பல்லு. அதை மூடி விடு. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"மத்ததெல்லாம் சரிம்மா. பல்லு இருக்கட்டும்" என்று மகள் படத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அதே நாற்காலியில் படம் திரும்பி வந்தபோது டச்சிங் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காது ஏறியிருந்தது, நிழல் இடம் மாறியிருந்தது, கழுத்தில் எலும்பு வந்திருந்தது. தங்கை இப்போது நாற்காலியை விட்டு எழுந்து வந்து தண்ணீர் கேட்பாள் போல இருந்தாள். தன் வாயாலேயே அவளுக்கு உயிர் கொடுத்துவிட்ட ஆத்திரத்தில், அன்று அடுப்படியில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. நல்லா வந்திருக்கா என்று மகள் இரண்டு தரம் கேட்ட பிறகு, பரவாயில்லை என்றாள்.

அதற்கப்புறம் ஜாடைமாடையாகப் பேச்சு ஆரம்பித்தது. லீவு நாளில் தான் சும்மாதான் உட்கார்ந்திருப்பதாக ஒருநாள். மற்றவர்கள் முகத்தையே பார்த்துப் பார்த்துத் தன் முகம் மறந்துபோய்விட்டதாக இன்னொரு நாள். மகள் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பிறகு சரி என்றாள்.

டச்சிங் அக்கா பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போல உட்கார்ந்தாள். தோள் சமம், முகவாய் சற்றே கீழே. கொஞ்சம் தளர்வாக இரும்மா என்றால் இன்னும் விறைத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. சித்தி உட்கார்ந்தபோது என்ன பேசினாள் என்று கேட்டாள். பாதி நேரம் தூங்கினாங்க என்றாள் மகள். மீதி நேரம் என்று கேட்டாள். மகள் தூரிகையைத் துடைத்தாள்.

படம் முடிந்து ஒரு வாரம் காயட்டும் என்று மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டிய அன்று, தங்கையும் வந்திருந்தாள். புருவத்துக்கு நடுவே ஆழமாக ஒரு கோடு. உதடு ஒட்டியிருந்தது. கண்கள் எதிரே இருக்கிறவளைப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில், அடுத்தவர் தட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று அளப்பது போலத் திரும்பியிருந்தன. அந்தக் கோடு இவ்வளவு ஆழமில்லை, கண்ணும் இப்படி இல்லை என்றாள் டச்சிங் அக்கா. இப்படித்தான் இருந்தது என்றாள் மகள்.

தங்கை எப்போதும் எதையும் பார்த்தவுடன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்கிறவள். அன்று அவள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"அக்கா என்னைப் பாக்கிற பார்வை இது" என்றாள். குரலில் குத்தலும் இல்லை, வருத்தமும் இல்லை. தெரிந்த சாலையில் ஒரு மேட்டைக் காட்டுவது போலச் சொல்லிவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை மகள் ஆபீஸ் போனதும் டச்சிங் அக்கா ஸ்டுடியோவுக்குப் போன் செய்து தலைவலி என்றாள். மகளின் வண்ணங்களைத் தட்டில் பிதுக்கி, மெல்லிய தூரிகையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து உட்கார்ந்தாள். கைக்குப் பழகிய வேலைதான். புருவத்துக் கோட்டை நிரப்பினாள். கண்மணிகளை நேரே கொண்டுவந்தாள். உதட்டோரத்தை ஒரு பொட்டு தூக்கிவிட்டாள். அந்த முகத்தில் ஒரு குறை இல்லை. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் சேர்க்கலாம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனோ மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு, அவள் வண்ணம் கரைக்கும் டர்பன்டைனையும் துணியையும் எடுத்து வந்து நீட்டியது இன்னும் பயமாக இருந்தது.

"அடியில இருக்கிறது காஞ்சிடுச்சு. நீ பூசினது மட்டும்தான் வரும். நீயே தொடை."

துடைத்தாள். உதடு இறங்கியது, கோடு வந்தது, கண்கள் பக்கவாட்டில் திரும்பின. துடைக்கத் துடைக்க அவளுக்கு அடக்க முடியாமல் பேச்சு வந்துவிட்டது.

"எதுன்னாலும் நீ அவகிட்டதான் முதல்ல சொல்றே. வேலை கிடைச்சதை அவகிட்ட சொன்னே. பொண்ணு பாக்க வந்த பையனை வேணாம்னு முடிவு பண்ணினதையும் அவகிட்டதான் சொன்னே. எனக்கு எப்பவும் மிச்சம்தான்."

மகள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "சித்தி கேட்டுட்டு விட்டுடுவாங்கம்மா. நீ திருத்துவே."

டச்சிங் அக்கா துணியை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். டர்பன்டைன் நாற்றம் இரண்டு நாள் விரலில் இருந்தது.

கண்காட்சியில் இரண்டு படங்களும் தொங்கின. தங்கையின் படம் வாசலுக்கு நேரே, அக்காவின் படம் உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில். வாசலில்தான் கூட்டம். டச்சிங் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் எல்லாம் அந்தக் கழுத்தெலும்பு தன்னால் வந்தது என்று மட்டும் சொல்லிவைத்தாள். தங்கை அதைக் கேட்டு, ஆமாம், அக்கா சொல்லாவிட்டால் தனக்குக் கழுத்தே இல்லை என்று உடைந்த பல் தெரியச் சிரித்தாள். கூட்டமும் அவளோடு சேர்ந்து சிரித்தது. அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒருநாள், காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து, ஆபீசில் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். டச்சிங் அக்காவின் நாக்கு நுனிவரை நூறு கேள்வி வந்தது. எந்த ஊர், யார் துணை, ஓவிய வகுப்பு என்ன ஆகும். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சரி. உனக்கு இஷ்டம்னா சரி" என்றாள். மகள் அருகே உட்கார்ந்து தானே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மகள் குளிக்கப் போனதும் அவள் தங்கைக்குப் போன் போட்டாள். எப்படியும் இந்நேரம் தெரிந்திருக்கும், தெரிந்ததை மறைத்ததற்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் போட்டாள். தங்கை வேனை ஓரம் கட்டிவிட்டு எடுத்தாள். டச்சிங் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"மாத்தலா? என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா" என்றாள் தங்கை. குரல் லேசாக இறங்கியிருந்தது.

டச்சிங் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெண் ஊரை விட்டுப் போகிறாள் என்ற துக்கம் அதற்குப் பிறகுதான், அதுவும் மெதுவாகத்தான் வந்தது. அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த ஊர், என்ன சம்பளம், எப்போது கிளம்புகிறாள் என்று தங்கைக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.