விரித்த விரல்கள்

கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து செங்கல்பட்டிலிருந்து சித்தி சதுரங்கப்பட்டினத்துக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, அவளுடைய உதடெல்லாம் மரத்துப்போயிற்று. சாப்பிட உட்கார்ந்தவளின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. நானும் இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை.

"இன்னாக்கா இது, கை தானா இஸ்துக்கினு போவுது," என்றாள் சித்தி அம்மாவிடம்.

காத்து கறுப்புதான் என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். பூசாரிக்குக் கொடுக்கச் சேவலைத் துரத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். சேவலுக்கு அவரைவிட விவரம் அதிகம், கூரை ஏறிவிட்டது.

அம்மா அவரை மறித்தாள். "பூசாரியும் வேணாம், சேவலும் வேணாம். வண்டிய எடு. கழுத்துல கத்தி வச்சவங்களயே போய்க் கேப்போம்."

சித்தப்பாவின் மீன் வண்டியில் எல்லாரும் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தியின் காதோரம் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். உதட்டோரம் வெட்டி இழுத்தது. உடனே ஊசி மருந்து எடுத்துவரச் சொன்னார்.

"கழுத்துல கட்டி வந்துச்சே, அந்தத் தைராய்டுக்குப் பின்னால பருப்பு அளவுல நாலு சுரப்பி இருக்கும்மா. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா எலும்புலேருந்து எடுத்துக் குடுக்கறது அதுங்கதான். ஆபரேஷன்ல அதிர்ந்துபோய் வேலைய நிறுத்திடுச்சு. அதான் தசை இழுக்குது."

"இன்னமே வேலை செய்யாதாங்க?" என்றாள் அம்மா.

"பெரும்பாலும் முழிச்சிக்கும். அதுவரைக்கும் கால்சியத்த நாம குடுப்போம்."

நாடியைப் பிடித்தபடி மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லா விரல்களும் பிரிந்தன. சித்தி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் கேட்டாள்: "இன்னா மாமா, சேவல் தப்பிச்சிச்சா?"

பல வாரம் மாத்திரை சாப்பிட்டாள். கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்த அன்று, சுரப்பிகள் விழித்துக்கொண்டன, இனி மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

ஊருக்குப் பேருந்தில் வந்து இறங்கினோம். நிறுத்தத்திலேயே தெருப் பெண்கள் காத்திருந்தார்கள். சித்தி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். தேர்தலில் ஜெயித்தவரைப்போல அவளைச் சூழ்ந்துகொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அம்மா மட்டும் அங்கேயே நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜெயித்த பிறகு யாராவது அழுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் போய்விடப்போகிறதே என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.