முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின்

போன வெள்ளிக்கிழமை காலை, பினாங்குப் பாலத்தின் நடுவில், ஓடும் காருக்குள் கருகல் வாசனை வந்தது. மோந்து பார்த்தேன்... சாமந்திப் பூ கருகும் வாசனை.

அந்தக் காரில் எனக்கென்ன வேலை? சொல்கிறேன்.

என் தங்கை வாணிக்கு ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கு அக்கரையில், பாகான் டாலாமில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. தன் புதுக் காரில்தான் அவளை அழைத்துப் போவேன் என்று அவள் கணவன் குமார் ஒற்றைக்காலில் நின்றான். "அக்கா, நீ ஒரு தடவ உக்காந்து பாரு. நீ சரின்னு சொன்னா நான் ஏறுறேன்" என்று வாணி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

புதுக் கார் என்பது பேச்சுக்கு. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். இன்ஜின் முன்னால் கிடையாது. நம் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். இந்த மாடலைக் கம்பெனி டர்போ இல்லாமல்தான் விற்றது. குமாருக்குப் பொறுக்குமா? ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் கொடுத்து, வேகத்தைக் கூட்டும் அந்த டர்போவை மாட்டிவிட்டான்.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளிக்கா. இத அவனே போட்டு வித்திருக்கணும்லா" என்பான். அவனுடைய வாட்ஸ்அப் குழுவிலும் நாள் முழுக்க இதே வழக்குதான் — இந்த மாதிரிக் காரைக் கம்பெனியே டர்போவோடு விற்கலாமா, கூடாதா? வேலை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று முதலில் கோயிலில் பூஜை. குருக்கள் வழக்கம்போல் முன்பக்கம் மாலை போடப் போனார்.

"சாமி, இன்ஜின் பின்னால இருக்கு."

அவரும் சளைக்காமல் பின்னால் போய், இன்ஜின் மூடிமேல் மாலையைச் சாத்தினார். மூடியில் காற்று போக அகலமான இடைவெளிகள். பூ பறந்துவிடக் கூடாதென்று குமார் நைலான் கயிற்றால் வேறு கட்டினான். எடுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சாமி போட்டதை யார் எடுப்பது? எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

பாலம் ஏறியதும் ஒரு மிதி மிதித்தான். டர்போ விசிலடித்தது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அப்புறம்தான் வாசனை. திரும்பிப் பார்த்தால், பின்கண்ணாடியில் புகை.

"குமார்..."

"தெரியுதுக்கா."

இடது பக்கம் லாரி. ஒதுங்க வழியில்லை. பின்னாலும் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"பெட்ரோல் டேங்க் எங்கப்பா இருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல."

லாரி கடந்ததும் அவசரப் பாதையில் நிறுத்தி, இருவரும் இறங்கி ஓடினோம். கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் துண்டோடு போய் மூடியைத் திறந்தான். மாலையின் நுனி இடைவெளி வழியாக இறங்கி, கொதிக்கும் டர்போமேல் விழுந்து கருகியிருந்தது. பிடுங்கிக் கடலில் வீசினான்.

"பூதான்கா. ஒண்ணுமில்ல" என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. டர்போவை ஒட்டி ஒரு ரப்பர் குழாய், தோல் கொப்பளித்துக் கிடந்தது. தொட்டு விரலை முகர்ந்தான். பெட்ரோல். அது பூ செய்த வேலை இல்லை, நாள்கணக்கில் வெந்திருக்கிறது. நடுவில் சூட்டைத் தடுக்க ஒரு தகடு வேண்டும். பட்டறையில் வைக்கவே இல்லை. பூ மட்டும் புகையாமல் இருந்திருந்தால், நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருப்போம். ஞாயிறு அந்தச் சீட்டில் வாணி.

அவனை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனேன். இழுவை லாரிக்குச் சொல்லிவிட்டு நிற்கும்போது அவன் போன் அடித்தது. வாணிதான்.

"என்னங்க, அக்கா என்ன சொன்னா? நான் ஏறலாமா?"

அவன் போனை என்னிடம் தரவில்லை.

"வேணாம் வாணி. நீ ஏறாத."

சொல்லிவிட்டுத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருக்க வேண்டும். முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

சரி, அந்த வாட்ஸ்அப் வழக்கு? என்னைக் கேட்டால், கம்பெனியே விற்கட்டும். விற்காவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பட்டறையில் மாட்டிக்கொண்டு பாலம் ஏறிவிடுவார்கள். கம்பெனி என்றால் அந்தக் குழாயை வேகவைத்து, வாட்டி, எல்லாம் பார்த்துவிட்டுத்தானே விற்கும்?

ஒரே ஒரு நிபந்தனை — விற்பதற்கு முன்னால் முதலாளி, பிள்ளைத்தாய்ச்சியான தன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் பாலத்தை ஒருமுறை தாண்டிக் காட்ட வேண்டும்.