பத்ருன்னிசா கலருக்குப் போட்ட வரி

லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊர் திரும்பினால் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். வந்த ஆளும் வீட்டோடு கிடக்க முடியாது. தன்னைப் பார்க்க வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் திரும்பிப் போய், ஸலாம் சொல்லி, உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். உட்கார்ந்தால் கலர் வரும். பிரிட்ஜில் வைத்துச் சில்லிட்டுப் போன பாட்டில் கலர். அது இல்லாத வீட்டில் பவுடர் கரைத்த ஆரஞ்சுத் தண்ணீர். வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பிய வீடு என்று பெயர் வாங்க அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

2004 பிப்ரவரியில் ஜமால் முகமது சவூதியை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். தம்மாமில் ஒரு மளிகைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனிதர். எடை தொண்ணூற்று நாலு கிலோ. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நல்லா சதை போட்டு வந்திருக்கீங்க, மாஷா அல்லாஹ்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருடைய இடது கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணிக்கட்டை யாரும் கவனிக்கவில்லை. மனைவி பத்ருன்னிசா கவனித்தாள்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த பத்ருன்னிசாதான் வீட்டைக் கட்டினாள். கொத்தனாரோடு சண்டை போட்டாள், மகளை அரியலூரில் கட்டிக் கொடுத்தாள், மகன் அனஸைத் திருச்சியில் காலேஜில் சேர்த்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்று சொன்னால் பேங்க் மேனேஜரே நம்பமாட்டார். ஒரு காரியத்தில் இறங்கினால் அதை முடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. இப்போது அவள் முன்னால் நின்ற காரியம் அந்தக் கட்டைவிரல்.

பெரம்பலூரில் டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு அவளிடம்தான் பேசினார். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. புண் ஆற வேண்டுமென்றால் சர்க்கரை இறங்க வேண்டும். "மூணு மாசம் பாக்கலாம். எறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது. மாத்திரை இருக்கட்டும், மொதல்ல அந்தக் கலரை நிறுத்தச் சொல்லுங்க. ஒரு பாட்டில்ல எட்டு ஸ்பூன் சக்கரை இருக்கும்மா."

வீட்டில் நிறுத்துவது சுலபமாக இருந்தது. சர்க்கரை டப்பாவை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். வெளியில்தான் முடியவில்லை. ஓய்வுபெற்று வந்த மனிதருக்கு ஊரில் வேறென்ன வேலை? காலையில் நாலு வீடு, அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று வீடு. "வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டால், "எப்படி பத்ரு சொல்றது? என் வூட்டுத் தண்ணி கசக்குதான்னு கேக்குறாங்க" என்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எதிர்வீட்டில் இருந்த அவருடைய மூத்த அக்கா ஹவ்வா பீவி, தம்பி வாசலில் தலையைக் காட்டினாலே பாட்டிலைத் திறந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக ஊட்ட முடியாத தம்பி அல்லவா?

யாரைக் குற்றம் சொல்வது? தெருவில் முதல் பிரிட்ஜ் வந்ததே பத்ருன்னிசா வீட்டுக்குத்தான். ஜமால் அனுப்பிய பணத்தில் வாங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் சில்லென்று ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்துப் பெருமைப்பட்டவள் அவள். அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளிலும் பழகினார்கள். இரவில் படுத்தால் இது நினைவுக்கு வந்து உறுத்தும்.

விடுமுறைக்கு வந்திருந்த அனஸ் ஒருநாள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, சிகரெட் விலை மறுபடி ஏறப் போகிறது என்று வாசித்தான். ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் அதற்கு வரியை ஏற்றுகிறது, அதனாலேயே சிலர் குறைத்துக்கொள்கிறார்கள் என்றான்.

"கலருக்கும் போட்டா என்னடா?"

"யாரு போடுறது?"

"நான் போடுறேன்."

அனஸ் சிரித்தான். "எங்கம்மா நிதியமைச்சர் ஆயிட்டாங்க. எத்தன பர்சென்ட்டும்மா?"

"கிளாஸுக்கு ரெண்டு ரூவா. மோருக்கும் தண்ணிக்கும் வரி கெடையாது."

விளையாட்டாகச் சொன்னதாக அவன் நினைத்தான். மறுநாள் ஹாலில் ஒரு பால்பவுடர் டின் உட்கார்ந்திருந்தது, மூடியில் கீறல் போட்டு. விருந்தாளியின் காசு வீட்டில் தங்கக் கூடாது. அதனால் அதில் விழுவதெல்லாம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வழியில்லாதவர்களுக்கு என்று முடிவு செய்திருந்தாள். தெருவில் கலருக்குக் காசு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டால், காசுக்கு யோசித்து மோர் கேட்பார்கள். எல்லோரும் மோர் கேட்டால் ஜமாலும் கூச்சமில்லாமல் மோர் கேட்கலாம். இதுதான் அவள் கணக்கு.

முதல் இரண்டு நாள் தெருவே வாயில் கைவைத்தது. "வந்தவங்ககிட்ட காசு கேக்குறாளாம்ல?" மூன்றாம் நாள் ஹவ்வா பீவி நேரிலேயே கேட்க வந்தாள். டின் ஏழைகளுக்கான தர்மத்துக்கு என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. "சதக்காவா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். "ரெண்டு கிளாஸ் குடு பத்ரு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மவுத்தாப்போன எங்க மாமியார் பேருல."

"மாமியார் பேருல காசு போடுங்க மதினி, கலர எதுக்குக் குடிக்கிறீங்க?"

"குடிக்காம போட்டா அது வேற காசுல்ல?"

பத்ருன்னிசா இரண்டு கிளாஸ் ஊற்றினாள். நல்ல காரியம் பரவத்தான் செய்யும். பதினைந்து நாளில் பதினோரு வீட்டில் டின் வந்துவிட்டது. ஹவ்வா பீவி வீட்டு டின்னுக்குப் பச்சைக் காகிதம்கூட ஒட்டியிருந்தார்கள். முன்பு ஒரு கிளாஸோடு எழுந்தவர்கள் இப்போது புண்ணியத்துக்கு என்று நிய்யத்து வைத்து இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். ஜமால் முகமது நிலைமை இன்னும் மோசம். சவூதியிலிருந்து வந்த மனிதர் இரண்டு ரூபாய் போட்டால் நன்றாகவா இருக்கும்? பத்து ரூபாய் போடுவார். "பத்து போட்டீங்கன்னா இன்னும் நாலு கிளாஸ் பாக்கி மச்சான்" என்று கேலி பேசியபடியே மறுபடி ஊற்றுவார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்று ஐம்பத்தாறு. புண் விரல் நுனியிலிருந்து நகத்தடிக்கு ஏறியிருந்தது.

அன்று கட்டுப் போட்டவர் செங்கமலம் சிஸ்டர். பத்ருன்னிசா முதல் மாத வசூலை ஒரு துணிப்பையில் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, அது எப்படிச் சேர்ந்தது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். சிஸ்டர் பையை வாங்கிக்கொண்டார். பிறகு பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"காசு நல்லதுக்குத்தாங்க போவும். ஆனா நீங்க குடுக்குற மாத்திரைக்கு ஆளையும் நீங்களே தயார் பண்றீங்களே."

திரும்பி வரும்போது பத்ருன்னிசா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜமால் தூங்கிவிட்டார். எங்கே பிசகியது என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். சிகரெட்டுக்கு வரி கட்டுகிறவன் சொர்க்கத்துக்குப் போகலாம் என்று கட்டுவதில்லை, வயிறெரிந்து கட்டுகிறான். தன் வரியோ குடிக்கிறவனுக்கு நன்மை சேர்த்துக் கொடுத்தது. அதோடு, ஜமால் எங்கே கேட்டுக் குடிக்கிறார்? ஊற்றுகிறார்கள், குடிக்கிறார். ஊற்றுகிறவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியென்றால் வரி யார் மேல் போட்டிருக்க வேண்டும்?

மறுநாள் அவள் தன் வீட்டு டின்னை எடுத்துவிட்டாள். பிறகு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "எங்க வூட்டுக்காரருக்கு நீங்க தாராளமா கலர் குடுங்க, நான் தடுக்கல. ஆனா குடுத்த வூட்டுலேர்ந்து ஒரு ஆளு அடுத்த தடவை அவரோட பெரம்பலூர் போயி, வரிசையில நின்னு, கட்டு மாத்திக் கூட்டியாரணும்."

ஹவ்வா பீவிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தம்பிக்கு ஒரு கிளாஸ் குடுக்க உங்கிட்ட டோக்கன் வாங்கணுமா?"

"டோக்கன் வேணாம் மதினி. காலைல ஏழு மணி பஸ்ஸு. அவ்வளவுதான்."

"யார் வூட்டுல குடிச்சாருன்னு நீ என்ன கூடவே போயிப் பாக்கப்போறியா?"

அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலர் வழக்கம். ஹவ்வா பீவி வீட்டில் எப்போதும் திராட்சை. முனை வீட்டில் ஆரஞ்சு. பள்ளிவாசல் பக்கத்து வீட்டில் ரோஸ். மாலையில் ஜமால் வீடு திரும்பியதும், "நாக்க நீட்டுங்க" என்பாள். ஐம்பது வயது மனிதர் கூடத்தில் நின்று நாக்கை நீட்டுவார். முதல் நாள் நாக்கு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

வரி கட்ட வந்தவன் ஹவ்வா பீவியின் மகன் வாசிம். விசாவுக்குக் காத்திருந்தவன், இருபத்தைந்து வயது, அதுவரை யாருக்காகவும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றதில்லை. போகும்போது, "மாமி, உங்க வரி ரொம்ப அநியாயம்" என்று சிரித்துக்கொண்டு போனான். மதியம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. அம்மா சோறு போட்டதற்கு வேண்டாமென்றான்.

"என்னடா?"

"மாமு வெரலு கறுத்துக் கெடக்கும்மா. அந்த சிஸ்டர் சுரண்டுறாங்க, இவருக்கு வலிகூடத் தெரியல. பாத்துக்கிட்டே நிக்கிறாரு."

ஹவ்வா பீவி நம்பவில்லை. அடுத்த முறை தானே புறப்பட்டாள், தன் வீட்டில் அந்த வாரம் ஒரு சொட்டுக்கூட ஊற்றாமலேயே. முழங்கால் வலியோடு பஸ் படி ஏறினாள், மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்தபோது தம்பியின் பாதத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. செங்கமலம் சிஸ்டர் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்று மாலையே அவள் வீட்டு டின்னில் இருந்த காசு பள்ளிவாசலுக்குப் போனது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. தெருவில் மற்ற வீடுகளுக்குச் சொல்லும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். பத்ருன்னிசா பத்து நாளில் பேசியதை ஹவ்வா பீவி ஒரு பொழுதில் பேசி முடித்தாள்.

ஜமாலுக்கு இதெல்லாம் பிடித்தது என்று சொல்ல முடியாது. முனை வீட்டு ஆளும் பெரம்பலூருக்குக் கூட வந்து புண்ணைப் பார்த்த அன்று இரவு அவர் கேட்டார்:

"என் காலை ஊருக்கே காட்டுறியா பத்ரு?"

"காட்டாம விட்டா காட்டுறதுக்குக் காலே இருக்காதுங்க."

சட்டென்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கு முன்னால் கௌரவமாக நின்ற மனிதர். அவருடைய புண்ணைக் காட்டித்தான் அவரைக் காப்பாற்ற வேண்டுமா? வேறு வழி இருந்து தனக்குத்தான் தோன்றாமல் போனதா? மறுநாள் அவருக்குப் பிடித்த கேழ்வரகு அடையைச் சுட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு அடை சாப்பிட்டார். பிறகு, "சாயந்தரம் நாக்க நீட்டணுமா, வேணாமா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒருவருக்குக் கலர், ஒருவருக்கு மோர் என்று ஊற்றிக் கொடுக்க வீட்டுப் பெண்களுக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் ஜமால் போகிற வீட்டில் எல்லோருக்கும் மோர் என்றானது. அவர் ஒரு நாளைக்கு ஏழு வீடு போகிற மனிதர். தெருவில் அந்த வெயில் காலம் முழுக்க மோராகவே போனது. மூலைக் கடைக்காரர் மட்டும் பத்ருன்னிசாவைப் பார்த்தால், "வாங்க, கலெக்டரம்மா" என்று வயிற்றெரிச்சலோடு கும்பிடு போடுவார். பிறகு அவரும் மோர் பாக்கெட் வாங்கி வைத்தார்.

மூன்றாம் மாத முடிவில் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு. எடை எண்பத்தேழு. அன்று கூட வருவதற்கு வரி பாக்கி உள்ள வீடு எதுவும் தெருவில் இல்லை, பத்ருன்னிசாவே போனாள். டாக்டர் விரலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். ஜமால் "ஸ்ஸ்" என்று காலை இழுத்தார். "வலிக்குதா? ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். செங்கமலம் சிஸ்டர் சின்னதாக ஒரு கட்டுப் போட்டுவிட்டு, இனிமேல் கட்டு மாற்ற இவ்வளவு தூரம் வர வேண்டாம், மாதம் ஒரு முறை பரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது ஹவ்வா பீவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"வெரலு இருக்கு மதினி. எடுக்க வேணாம்னுட்டாங்க."

ஹவ்வா பீவி கண்ணை மூடி ஏதோ ஓதினாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டினாள். ஜமால் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா, இம்புட்டு உப்பு?"

ஹவ்வா பீவி பத்ருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, இதுக்கு எந்த ஊரு பஸ்ஸுக்குப் போவணும், இப்பவே சொல்லிடு."