சிவப்பு விளக்கு அணையாத எட்டு நிமிஷம்

கல் குவாரி ஆபீசில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷரை ஒரு நாள் போய்ப் பாருங்கள். பேசி முடித்துப் பட்டனை விட்டதும் குனிந்து பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்ப்பார். அணைந்திருக்கும். மறுபடியும் பார்ப்பார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மூன்றாம் தடவையும் பார்ப்பார். புதிதாக வந்த டிரைவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழைய ஆட்கள் சிரிப்பதில்லை.

அவரை எல்லாரும் 'கன்ட்ரோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோவில் விழுந்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவிக்கு எரிச்சல் வந்தால், "கன்ட்ரோல் சார், அந்தக் குப்பையைக் கொஞ்சம் வெளிய கொண்டுபோய் வெக்கிறீங்களா?" என்பாள். அதிலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான்.

வேலை இதுதான். குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போக முடியும். மொத்தம் பதினாலு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் சிபி ரேடியோ மைக்கை எடுத்து, "நாலாம் வளைவு, லோடு, எறங்குறேன்" என்று சொல்லியாக வேண்டும். எதிரே காலி வண்டியில் ஏறுகிறவன் அதைக் கேட்டு, அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பான். அந்தப் பாதையில் செல்போன் எடுக்காது, ரேடியோவை விட்டால் கதியில்லை. ரேடியோவிலும் ஒரு சங்கதி உண்டு. ஒருத்தர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் மற்ற யாரும் பேச முடியாது. அழுத்தியவருக்கோ மற்றவர்கள் கத்தினாலும் காதில் விழாது. பட்டனை விட்டால்தான் கேட்கும்.

நம்ம ஆளுக்குக் கை சும்மா இருக்காதே! ஆபீசில் தூக்கிப் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துத் தூசி தட்டினார். ஒயரை வெட்டி ஒட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு, ரேடியோவின் பின்புறத்தைக் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டார். மவுஸைத் தட்டினால் சானல் மாறும். ஒரு கட்டத்தைத் தட்டினால் பட்டனை அழுத்தியது மாதிரி ரேடியோ பேச ஆரம்பிக்கும். பாறைக்கு வெடி வைக்கும் முன்னால், அவரே பதிவு பண்ணி வைத்த அறிவிப்பு தானாகப் போகும். மைக்கை ஒரு மேஜை விளக்கின் கம்பியில் கட்டி வாய்க்கு நேராக நிறுத்திவிட்டார். ரேடியோ பெட்டியை இனி யார் தொடப்போகிறார்கள் என்று மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "ஒரே விரல், மொத்த மலையும் நம்ம கையில!" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு செகண்டு சிவப்பு விளக்கு தானாக எரியும். அதாவது யாரும் தட்டாமலே பட்டனை அழுத்தியது மாதிரி ஆகி, மைக் முன்னால் பேசுவதெல்லாம் வெளியே போகும். கம்ப்யூட்டர் நடுவில் ஹேங் ஆகி நின்றால் விளக்கு எரிந்தபடியே நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்தும் இருக்கிறார். ஒரு நிமிஷத்துக்கு மேல் போனால் தானாக அறுத்துவிடுகிற சின்ன டைமர் ஒன்றும் வாங்கினார். கவர் பிரிக்காமல் அது டிராயரில் கிடந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றே நாலு மாசம் ஓடிவிட்டது.

இப்போது ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிற டிரைவர். ஒரு வண்டியைக்கூட உரசினதில்லை. எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பார் என்று கேலி பண்ணி வந்த பெயர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது கன்ட்ரோலுக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், சீட்டைப் படிக்க முடியாமல் லோடைத் தப்பான இடத்தில் இறக்கிவிட்டு வந்து, ஆபீசுக்குப் பின்னால் நின்று கண் கலங்கிச் சொன்னார். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்ப்பா" என்றார். "எங்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு" என்று கையில் அடித்துச் சொன்னார் கன்ட்ரோல்.

அன்றிலிருந்து கவுன்ட்டரில் ஒரு சின்ன நாடகம். ஹாரன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, சீட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "இந்தக் கண்ணாடி சரியில்லப்பா, எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது" என்பார். "கடையை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அலுத்துக்கொண்டே கன்ட்ரோல் வாங்கிப் படிப்பார். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. நிஜமாகவே நல்ல மனசோடு செய்த காரியம், அதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த வாரம்தான் பாதைக்கு ஒரு சூப்பர்வைசர் போடப்போவதாகப் பேச்சு வந்தது. தனக்குத்தான் என்று கன்ட்ரோல் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் மேனேஜர் அந்த வேலைக்கு ஹாரனைக் கூப்பிட்டுப் பேசினார். கன்ட்ரோலுக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் சொல்லவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வெடி அறிவிப்பு போனது. முடிந்த அந்த நொடியில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நின்றது. மானிட்டருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் சரியாக அப்போது ஆபீஸ் போன் அடித்தது. வெளியூரிலிருந்து தம்பி.

"அண்ணே, அந்த சூப்பர்வைசர் வேலை கெடைச்சிடுச்சா?"

"எங்கடா கெடைக்கிறது! ஒரு டிரைவரைப் போடப்போறாங்களாம். ஹாரன்னு ஒருத்தன். யோக்கியதை என்ன தெரியுமா? அவனுக்கு அ, ஆ தெரியாதுடா! தன் பேரை எழுதச் சொன்னா வேர்த்துக் கொட்டிடும். பதினோரு வருஷமா நான்தான் சீட்டைப் படிச்சுச் சொல்லிட்டிருக்கேன்."

தம்பி ஏதோ சிரித்திருக்க வேண்டும். அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குரலை மாற்றி, ஹாரன் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினார். "'இந்தக் கண்ணாடி சரியில்லப்பா, எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது!' பேப்பரைத் தலைகீழாக் குடுத்தாலும் அப்படியே பாத்துட்டு நிப்பான்டா. பொண்ணைக் கட்டிக் குடுத்த மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. பெரிய மனுஷன் வேஷம்!"

படபடவென்று படியேறும் சத்தம் கேட்டது. எடைமேடையில் லாரி எடை போடுகிற அக்கா மூச்சு வாங்க ஓடிவந்தாள். நேரே போய் ரேடியோ ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"வாயை மூடுங்கண்ணே" என்றாள். "மலை பூரா கேட்டுடுச்சு. போன் அடிச்சுப் பாத்தேன், லைன் பிஸி. எட்டு நிமிஷமா ஒரு வண்டியும் குரல் குடுக்க முடியல. எல்லாம் வளைவுலயே நிக்குது."

கையிலிருந்த ரிசீவருக்குள் தம்பி, "அண்ணே? அண்ணே?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டாளா அக்கா? மிச்சத்தையும் சொன்னாள். ஏழாம் வளைவில் லோடோடு நின்றது ஹாரனின் வண்டி. எதிரே காலி வண்டியில் ஏறி வந்து மூக்கோடு மூக்காக நின்றது அவருடைய மாப்பிள்ளை. போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்த பையன். ரெண்டு லாரியின் முன் கண்ணாடிக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ரெண்டு வண்டி ரேடியோவிலும் ஒரே குரல். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு முழுசாகக் கேட்டிருக்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளைதான் தலையைக் குனிந்துகொண்டு ரேடியோ சத்தத்தைக் குறைத்தானாம். ஹாரனுக்குப் பின்னால் நின்ற டிரைவர் குறுக்கு வழியில் எடைமேடைக்கு ஓடிவந்து சொல்லித்தான் அக்காவுக்கே இது தெரிந்தது.

கன்ட்ரோல் நாற்காலியில் உட்கார்ந்தார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. ஓடிவிடலாமா என்றும் யோசித்தார், வெளியே போக ஒரே வழி, அதில்தான் எல்லா வண்டியும் வந்துகொண்டிருந்தது. இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கேலி பண்ணிய அந்தக் குரல், அந்த இழுப்பு, அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மேனேஜர் உள்ளே வந்தார். அவருக்கு லாரி மோதவில்லை என்பதே போதும். "மெஷின் கோளாறுதானே?" என்றார்.

"ஆமா சார்" என்றார் கன்ட்ரோல். "மெஷின்தான். ஹேங் ஆயிடுச்சு." டிராயர் அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது. அதை அவர் திறக்கவில்லை.

அஞ்சு மணிக்குக் கவுன்ட்டரில் டிரைவர்கள் கூடினார்கள். வழக்கமான கலகலப்பு இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஹாரன் தன் முறை வரும் வரை வரிசையில் நின்றார். மாப்பிள்ளை ரெண்டு ஆள் பின்னால் நின்றான்.

ஹாரன் சீட்டை நீட்டினார். பழக்கத்தில் கன்ட்ரோலே ஆரம்பித்துவிட்டார். "என்னப்பா, கண்ணாடி இன்னும் மாத்தலையா?"

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹாரன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"போட்டுப் பாரு" என்றார்.

கன்ட்ரோல் மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. எதிரே முகம் அப்படியே, சுவர் அப்படியே.

"பவர் கிடையாது, வெறும் கண்ணாடி. உங்கிட்ட சொன்ன மறுநாள் சந்தையில வாங்கினேன். நீ எனக்காகப் பொய் சொல்றே, அதுக்கு ஒரு துணை வேணுமேன்னு." என்றார். "இனிமே எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்க."

"மெஷின் நின்னுபோச்சுப்பா…" என்று ஆரம்பித்தார் கன்ட்ரோல்.

"மெஷின் நின்னுச்சு, சரி. பேசினது மெஷினா?"

ஆபீசில் அத்தனை பேரும் இருந்தார்கள், மேனேஜரும் கதவருகே நின்றார். கன்ட்ரோல் டிராயரைத் திறந்து, பிரிக்காத கவரை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"இல்ல, நான்தான்" என்றார். "அது இப்படி நிக்கும்னும் எனக்குத் தெரியும். நாலு மாசமாத் தெரியும்."

ஹாரன் அந்தக் கவரைப் பார்க்கவே இல்லை. சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாப் படி. எனக்குப் படிக்கத் தெரியாது."

கன்ட்ரோல் சீட்டை எடுத்தார். அந்தக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றவில்லை. தானே எழுதிய சீட்டு, கொட்டை எழுத்து, ஆனால் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை, எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. வரிசை முழுதும் காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் ரெண்டு ஆள் பின்னால் இருந்து மாப்பிள்ளை முன்னே வந்து, கன்ட்ரோல் கையிலிருந்து சீட்டை வாங்கி, "வாங்க மாமா, நான் படிக்கிறேன்" என்று சொல்லி ஹாரனை வெளியே கூட்டிப்போனான்.