யாரும் சுடாத பதினொரு பெட்டிகள்

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிறகு யாரும் யாரோடும் பேச முடியாது. பேசலாம், கேட்காது. ஏழு மேசை, ஏழு துப்பாக்கி, ஏழு தலையிலும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி காதுமூடி. லாயிட்டின் துப்பாக்கி வெடித்தால் கூரைத் தகரத்துத் துரு உதிர்ந்து அவருடைய காப்பியிலேயே விழும். அதையும் குடித்துவிடுவார்.

கடைசி மேசை ஆர்விட் ஹார்யுவுடையது. அவர் சுட்டால் அலமாரிக் கதவைச் சாத்திய சத்தம்தான் வரும். தோட்டாக்களை வீட்டிலேயே அடைப்பார். வெடிமருந்து துளியூண்டு, ஈயக்குண்டும் லேசு. துப்பாக்கி உதைப்பதைத் தாங்காத தோள்வலிக்காரர் போல என்று முதலில் நினைத்தோம். அது கிடையாது.

முப்பத்தொரு வருடம் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர். அந்த லாரியின் மஞ்சள் விளக்கு ஊருக்கே தெரியும், உள்ளே இருந்த முகம் யாருக்கும் தெரியாது. மனைவி இப்போது அவரோடு இல்லை. சாகவில்லை, கிரீன் பே நகரத்தில் வேறொருவரோடு சௌக்கியமாக இருக்கிறார். ஓய்வு பெற்றதும் ஆர்விட் ரேஞ்சில் சேர்ந்தார். முதல் வருடம் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பேசினாரோ என்னவோ, எல்லோர் காதும் மூடியிருந்தது. இரண்டாம் வருடம் சத்தம் குறைந்த தோட்டாவோடு வந்தார்.

"இதுக்குக் காதுல கொஞ்சம் பஞ்சு வச்சாப் போதும். பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டே சுடலாம்," என்று டார்லீனிடம் சொன்னார். டார்லீன்தான் ரேஞ்சுக்குப் பொறுப்பு. அவர் மணியடித்தால்தான் சுடலாம், மறுபடி அடித்தால்தான் இலக்கு அட்டை மாற்றப் போகலாம்.

"பேசிக்கிட்டே சுட்டா குண்டு எங்க போகும்னு எனக்குத் தெரியும்," என்றார் டார்லீன்.

ஆர்விட் விடவில்லை. அவரவர் துப்பாக்கி என்ன ரகம் என்று கேட்டுக்கொண்டு, முறைவைத்துச் சுடும் எங்கள் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி அடைத்துக் கொண்டுவந்தார். பெட்டிக்கு இருபது தோட்டா. மேலே பெயர், தேதி, மருந்தின் எடை எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில். மூடியில் டேப் ஒட்டியிருக்கும்.

இங்கே லாரியை இரவல் கொடுப்பார்கள். பல் செட்டையே ஒருவர் இரவல் கொடுத்ததாகப் பேச்சு உண்டு. ஆனால் இன்னொருவர் வீட்டில் அடைத்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் யாரும் போட மாட்டார்கள். அதில் பகை ஒன்றும் இல்லை. வெடித்தால் கன்னத்தருகில்தான் வெடிக்கும், அவ்வளவுதான். எல்லோரும் "ரொம்ப நன்றி ஆர்விட்" என்று வாங்கிக் காரில் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, வெடிக்காத தோட்டாக்களைப் போடும் சிவப்பு வாளிக்கு வந்து சேர்ந்தன. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வாளி. ஆர்விட் அந்தப் பக்கம் போக மாட்டார்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தான் கண் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போவதாக ஆர்விட் சொல்லியிருந்தார். அன்று காலை பதினொரு பெட்டிகளையும் வாளியிலிருந்து எடுத்து, காப்பி மேசையில் பெயர் தெரிய வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஒரு சீட்டு: "தபால் வந்திருக்கிறது. அவரவர் எடுத்துக்கொள்ளவும்." லாயிட் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், வேறு நோக்கம் இல்லை.

டாக்டர் லீவு போட்டுவிட்டார். காப்பிக்குப் பால் எடுத்துக்கொண்டு நான் உள்ளே வந்தபோது ஆர்விட் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியின் டேப்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

லாயிட் வாசலில் நின்றுவிட்டார். "யோவ் ஆர்விட், அது வந்து..."

"பரவால்லய்யா. நானா இருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்."

பெட்டிகளைச் சாப்பாட்டுப் பையில் அடுக்கினார். இரண்டு கொள்ளவில்லை, கையில் எடுத்துக்கொண்டார். கதவைத் திறக்கக் கையில்லாமல் என்னைப் பார்த்தார். திறந்துவிட்டேன்.

மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை. கடைசி மேசையில் யாரும் உட்காரவும் இல்லை. டார்லீன் என்னைப் பிடித்தார்.

"லாயிட் மூஞ்சியப் பாக்கத்தானே செஞ்ச? பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

நான் தரையைக் கூட்டப் போய்விட்டேன்.

நான்காம் சனிக்கிழமை, ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஆர்விட் வந்தார். துப்பாக்கி இல்லை. மாத்திரை டப்பி ஒன்றை மட்டும் லாயிட் மேசையில் வைத்தார். உள்ளே அடியில் கொஞ்சம் கறுப்பு வெடிமருந்துத் தூள்.

"பதினொரு பெட்டியையும் பிரிச்சேன். இருநூத்தி இருபதையும் எடை போட்டேன். ஒண்ணுகூடத் தப்பில்லன்னு வந்து உங்ககிட்டக் காட்டலாம்னுதான்." டப்பியை லாயிட் பக்கம் தள்ளினார். "உன் பெட்டியில ஒண்ணுல மருந்து ரெண்டு தடவ விழுந்திருக்கு, லாயிட்."

முழு அளவு போடுகிறவர்களுக்கு இந்தத் தவறு நேர்வது கடினம். இரண்டாம் முறை கொட்டினால் தோட்டாவின் கூடு நிரம்பி வழிந்துவிடும். ஆர்விட் போடுவதோ கூட்டின் அடியில் கிடக்கும் துளி. இரட்டித்தாலும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. லாயிட்டின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"எப்படிய்யா?"

"மே பதினாலு, பெட்டியில தேதி இருக்கு. அளந்து போட்டுக்கிட்டிருக்கறப்ப போன் வந்துச்சு. வீட்டுக்கு வீடு போன் போட்டு ஜன்னல் விக்கிற பொண்ணு. பேசிட்டு வந்து விட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சேன். அது விட்ட எடம் இல்ல போல."

"எவ்ளோ நேரம் பேசுன?"

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா! ஜன்னல் வாங்குனியா?"

"இல்ல. அவங்க ஊர்ல அன்னிக்கு மழையாம்."

ஆர்விட் உறுப்பினர்களுக்குத் தரும் ரேஞ்ச் சாவியைக் கழற்றி, விலகிக்கொள்கிறவர் போல டார்லீனிடம் நீட்டினார். டார்லீன் வாங்கவில்லை.

"உங்க தோட்டாவ உங்க துப்பாக்கியில சுடுறது உங்க பாடு. அடுத்தவங்களுக்கு அடைச்சுக் குடுக்கற வேல மட்டும் இனிமே வேண்டாம்."

"குடுக்க மாட்டேன்."

டார்லீன் மணியடித்தார். காதுமூடிகள் ஏறின, சுட ஆரம்பித்தார்கள். ஆர்விட் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடைசி மேசையில் போய் உட்கார்ந்தார். லாயிட் இரண்டு முறை சுட்டார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஆர்விட் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ கேட்டார். ஆர்விட் கேட்கவில்லை என்று காதைக் காட்டித் தலையை ஆட்டினார். லாயிட் மறுபடி கேட்டார். மறுபடி தலையாட்டல்.

"நிறுத்து!" என்று லாயிட் கத்தினார்.

அந்தச் சொல்லை யார் சொன்னாலும் ஏழு துப்பாக்கியும் நின்றாக வேண்டும். குறுக்கே மானோ மனிதனோ வந்தால்தான் சொல்வார்கள். டார்லீன் ஓடி வந்தார்.

"என்ன, மானா?"

"இல்ல. இவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கிட்டிருக்கேன்." ஆர்விட் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

எல்லோரும் காதுமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைன் மரங்களில் காற்று போவதுகூடக் கேட்டது.

"ஒமாஹா," என்றார் ஆர்விட்.

"அப்புறம்?"

ஆர்விட் வாயைத் திறந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"அவ்ளோதான்."

"முடிஞ்சுதா? மணியடிக்கலாமா?" என்றார் டார்லீன்.

காரணமில்லாமல் நிறுத்தச் சொன்னதற்கு லாயிட்டுக்குத் தண்டனை உண்டு. அன்று சுட்டு முடிந்ததும் கீழே கிடந்த பித்தளைக் கூடுகளை எல்லாம் அவரே குனிந்து பொறுக்கினார். ஆர்விட் உதவவில்லை. கூடவே நடந்தார். லாயிட் கண்ணில் படாததைப் பூட்ஸ் நுனியால் காட்டினார். வாளி நிறைந்ததும் லாயிட் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஆர்விட் தன் வண்டியில் ஏறினார். எஞ்சினைப் போடாமல், ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, கடைசி வண்டி போகும் வரை யாராவது பக்கத்தில் வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.