சுவரில் நின்ற பச்சை

நம்பாதவர்கள் என் இடது மணிக்கட்டைப் பார்க்கலாம். இன்றைக்கும் அது முழுதாகத் திரும்பாது. நான் சொல்வதில் ஒரு சொல்கூடக் கூட்டியதில்லை.

1996. மருதமுனையில் ஒரு கைத்தறிக் கொட்டிலில் நானும், அக்கா முறையான அஸீஸா ராத்தாவும் நெய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ராத்தாவின் தறியில் வெள்ளைத் துணி. என் தறியில் சிவப்புச் சேலை. அந்த வாரம் முழுவதும் அதே சிவப்பு.

சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அங்கே பச்சையாக ஒரு திட்டுத் தெரியும். கண் செய்யும் ஏமாற்று. நெய்கிறவர்களுக்கு அது பழக்கம். கண்ணை எங்கே திருப்புகிறோமோ, திட்டும் அங்கே வரும். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

அன்றும் களைத்துப்போய் நிமிர்ந்தேன். சுவரில் பச்சை தெரிந்தது. நீளமாக... ஓர் ஆள் உயரத்துக்கு.

கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினேன். அது என் கண்ணோடு வரவில்லை.

சுவரிலேயே நின்றது.

"ராத்தா, அந்தச் சுவரில என்னமும் தெரியுதா?"

ராத்தா தறியை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். "ஒண்டுமில்ல புள்ள. சிவப்பப் பாத்துப் பாத்து ஒனக்குக் கண்ணு கூசுது. கொஞ்சம் மூடித் தொற."

மூடினேன்.

கண்ணுக்குள்ளும் அந்த ஆள் நின்றான்... இப்போது சிவப்பாக. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

திறந்தேன். சுவர் வெறுமையாக இருந்தது.

பச்சை, ராத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"ராத்தா! எழும்புங்க!"

"ஏன்டி..."

அவர் கழுத்து பின்னுக்கு இழுபட்டது. தலை தறிக்காலில் மோதியது. டக். மறுபடியும்... டக். டக். தறி அடிக்கும் அதே தாளம். வெள்ளை நூலெல்லாம் இரத்தம் தெறித்தது.

நூல் வெட்டும் கத்தியோடு பாய்ந்தேன். அவன் முதுகில் குத்தினேன். கத்தி காற்றில் போனது. ஆனால் அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமான, குளிர்ந்த கை. முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"விட்றா! யா அல்லாஹ்... விட்றா!"

மற்றக் கையால் ராத்தாவின் சட்டையைப் பற்றி வாசலுக்கு இழுத்தேன்.

அவன் ராத்தாவின் காலைப் பிடித்து இழுத்தான்.

நான் இழுத்தேன். அவன் இழுத்தான்.

தோல் கிழிந்தது.

வாசல்.

வெயில்... வெள்ளை மணல்.

அவன் இல்லை.

பள்ளியிலிருந்து வந்தவர்கள் எங்களை ஒரு வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராத்தா நாட்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்து பிழைத்தார். கழுத்தில் விரல் தடங்கள் கறுத்துக் கிடந்தன. யார் அடித்தது என்று பொலிஸ் கேட்டது. பச்சை ஆள் என்றேன். வார்டே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். காரைதீவைச் சேர்ந்த தாதி சுஜித்தா. கட்டு மாற்ற வந்தவர் குனிந்து மெல்லக் கேட்டார்.

"பச்சை எண்டா சொன்னீங்க?"

"ஓம்."

"போன மாசம் எங்கட ஊர்ப் பொம்பிளை ஒராள் வந்தா. கழுத்தில இதே மாதிரித் தடம். இந்தக் கட்டில்லதான் செத்தா. சாகுமட்டும் ஒரே கதைதான். பச்சை மனிசன், பச்சை மனிசன் எண்டு..."

"அவவும் நெய்யிறவவா?"

சுஜித்தா இல்லையென்று தலையாட்டினார்.

"அவக்குப் பிறவியிலேயே ரெண்டு கண்ணும் தெரியாது."